கேட்காமல் விட்ட வரம்



கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில், பால்வண்ணநாதர் கோயில் இருக்கிற ஊர். வழக்கமாக அவர் சமையல் குறிப்புதான் அனுப்புவார். இந்தத் தடவை ஒரு சினிமாக் கேள்வி.

நாலாம் வகுப்புப் படிக்கிற மகனோடு உட்கார்ந்து செல்போனில் ஒரு ஜப்பான் படம் பார்த்தாராம். படம் முடிந்ததும் பையன், "அந்த அண்ணன் மட்டும் ஏம்மா வரம் கேக்கல?" என்றானாம். அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "நம்ம படத்துல வர்ற பிள்ளைங்க மட்டும் ஏன் சார் வக்கீல் மாதிரியே பேசுதுங்க?"

சிரித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். ஆனால் கேள்வி விடவில்லை. இந்த மாதம் இந்தப் பக்கத்தில் எழுத வேறு விஷயம் வைத்திருந்தேன். அது அடுத்த மாதம் வரட்டும்.

அவர் பார்த்தது ஹிரோகசு கொரீடா இயக்கிய படம். 2011இல் வந்தது. ஆங்கிலத்தில் 'ஐ விஷ்' என்று பெயர். அப்பா, அம்மா பிரிந்துவிட்டார்கள். பெரியவன் கொய்ச்சி அம்மாவோடு ககோஷிமாவில், தாத்தா பாட்டி வீட்டில் இருக்கிறான். சின்னவன் ரியூனோசுகே அப்பாவோடு ஃபுகுவோகாவில். ககோஷிமாவில் ஒரு எரிமலை நாள் தவறாமல் சாம்பலைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் அந்தப் பக்கம் புல்லட் ரயில் முழுதாக ஓடப்போகிறது. எதிரெதிராக வரும் இரண்டு புல்லட் ரயில்கள் முதன்முதலாகக் கடக்கிற நொடியில் மனசில் நினைத்துக் கேட்டால் அது பலிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு. கொய்ச்சி நம்பிவிடுகிறான். எரிமலை வெடித்தால் ஊரையே காலி செய்யவேண்டும், அப்போது குடும்பம் ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போடுகிறான்.

பிள்ளைகள் கணக்கு அப்படித்தானே இருக்கும்? ஊரே எரிந்தாலும் பரவாயில்லை, அப்பா வீட்டுக்கு வரவேண்டும்.

அண்ணனும் தம்பியும் சிநேகிதப் பிள்ளைகளோடு, கையில் இருந்ததை விற்றுக் காசு சேர்த்து, காய்ச்சல் என்று பொய் சொல்லிக் கிளம்புகிறார்கள். ஒரு பையன் செத்துப்போன தன் நாய்க்குட்டியைப் பையில் போட்டுத் தூக்கி வருகிறான், அதற்கு உயிர் வரவேண்டுமென்று. கடைசியில் ரயில்கள் வருகின்றன. எல்லாப் பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கொய்ச்சி மட்டும் கேட்கவில்லை.

கரிவலத்துத் தம்பி கேட்டது இந்த இடத்தைத்தான்.

இப்போது நம்ம பக்கம் ஒரு படத்தை நினைத்துப் பாருங்கள். 1965இல் ஏவி.எம். எடுத்த 'குழந்தையும் தெய்வமும்'. கிருஷ்ணன் – பஞ்சு இயக்கியது. ஜெய்சங்கர், ஜமுனா. குட்டி பத்மினி இரட்டை வேடம். பிரிந்துபோன அப்பா அம்மாவை இரட்டைப் பெண்குழந்தைகள் இடம் மாறிப்போய்ச் சேர்த்து வைக்கிறார்கள். ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னரின் சிறுவர் நாவல் ஹாலிவுட் போய், அங்கிருந்து கோடம்பாக்கம் வந்த கதை அது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் படம் டிவியில் வந்தால் சேனலை மாற்ற விடமாட்டார்கள். நானும் மாற்றச் சொல்லமாட்டேன்.

இரண்டு படத்திலும் வீட்டுப் பிரச்சினை ஒன்றுதான். நம்ம படத்தில் பெரியவர்கள் கெடுத்ததைப் பிள்ளைகள் சரிசெய்கிறார்கள். பாரத்தைத் தூக்கி ஆறு வயசுப் பிள்ளை தலையில் வைத்துவிட்டு, அது இறக்கி வைத்ததும் நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். கொரீடாவோ பெரியவர்களின் சண்டையைப் பெரியவர்களிடமே விட்டுவிடுகிறார். பையனுக்கு வேறு வேலை இருக்கிறது. நீச்சல் வகுப்பு, பள்ளிக்கூடத்துக்கு ஏறவேண்டிய மேடு, தாத்தா பழைய பக்குவத்தில் செய்து பார்க்கும் இனிப்பு, தினமும் துடைத்தாலும் மறுபடி படிகிற சாம்பல். எரிமலை வெடித்தால் இதெல்லாமும் போய்விடுமே? அதனால்தான் அவன் கேட்கவில்லை என்று எனக்குப் படுகிறது. படம் அதை விளக்கிச் சொல்லாது. தம்பி, உன் அம்மாவுக்குத் தெரியாமல் போனதில் தப்பே இல்லை.

நம்ம சினிமாவில் குழந்தைக்கு மூன்று வேலைதான் ரொம்ப நாளாக இருந்தது. ஒன்று, அழுவது, நம்மையும் அழவைப்பது. இரண்டு, ஓடிக்கொண்டே இருந்து ஒரு கட்டத்தில் ஹீரோவாக வளர்ந்துவிடுவது. மூன்றாவது, நம்ம வாசகி சொன்ன வக்கீல் வேலை. அப்பாவுக்குப் புத்தி சொல்வது, மாமாவின் காதலுக்குத் தூது போவது, வில்லனுக்கு எதிரே நின்று பஞ்ச் பேசுவது. வசனம் எழுதியவர் ஐம்பது வயசுக்காரர் என்பது பிள்ளை வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். தியேட்டரிலோ கைதட்டல்.

அந்தக் கைதட்டல் தியேட்டரோடு நிற்கிறதா? நம் வீட்டுக்கு விருந்தாளி வந்ததும் என்ன செய்கிறோம்? "மாமாவுக்கு அந்த டயலாக்கைச் சொல்லிக் காமி" என்கிறோம். பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. "வீட்ல நல்லாப் பேசுவா, இப்பத்தான் வெக்கப்படுறா" என்று மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்கிறோம். வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டதுதான் அந்த வயசுக்குப் பொருத்தமானது என்று நமக்குத் தோன்றுவதேயில்லை. இப்போது ரீல்ஸ் வேறு வந்துவிட்டது. முன்பு மாமா ஒருத்தர், இப்போது லைக் போடுகிற ஊர்.

பிள்ளையைப் பிள்ளையாகவே காட்ட ஜப்பான்காரர்கள் மட்டும் எங்கே கற்றார்கள்? யசுஜிரோ ஓசு என்று ஒரு இயக்குநர். கல்யாணமே செய்துகொள்ளாதவர். பிள்ளை குட்டி கிடையாது. அவர் எடுத்த இரண்டு பிள்ளைப் படங்களைப் பார்த்தால், அடுத்த வீட்டுப் பையன்களைத் திண்ணையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் போல என்று தோன்றும்.

முதலாவது 1932இல் வந்த ஊமைப்படம். 'ஐ வாஸ் பார்ன், பட்...' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் புது இடத்துக்குக் குடிவருகிறது. மகன்கள் இரண்டு பேரும் தெருப் பையன்களோடு சண்டைபோட்டு, கடைசியில் கூட்டத்துக்குத் தலைவர்களாகிறார்கள். அந்தக் கூட்டத்தில் முதலாளியின் மகனும் உண்டு. ஒருநாள் முதலாளி வீட்டில், சொந்தமாகப் பிடித்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். திரையில் பையன்களின் அப்பா, முதலாளியைச் சிரிக்கவைக்க முகத்தைக் கோணிக்கொண்டு நிற்கிறார். வீட்டில் அவ்வளவு மிடுக்காக இருக்கும் அப்பா.

அன்று ராத்திரி பையன்கள் கேட்கிற கேள்வியை பெற்றோராகிய நாம் எல்லோருமே கேட்டிருப்போம். அவரைப் பார்த்து நீ ஏன் குனியவேண்டும்? சம்பளம் தருகிறார் என்கிறார் அப்பா. அப்படியென்றால் வாங்காதே என்கிறான் பையன். வாங்கவில்லையென்றால் சாப்பாடு ஏது? சரி, சாப்பிடமாட்டோம். மறுநாள் காலையில் உண்ணாவிரதம். அரிசி உருண்டையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்ததும் அதுவும் முடிந்துபோகிறது. அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். கொஞ்ச நேரத்தில் முதலாளியின் கார் வருகிறது. 'போய் வணக்கம் சொல்லுப்பா' என்று பையன்களே அனுப்பிவைக்கிறார்கள்.

பஞ்ச் வசனம் கிடையாது. அப்பாவைத் திருத்தவில்லை, முதலாளியைத் தோற்கடிக்கவில்லை. இரண்டு பையன்களுக்கு உலகம் எப்படி நடக்கிறது என்று ஒரு நாளில் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்தில் முதலாளி வந்ததும் அப்பா எழுந்து நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு இந்தப் படத்துக்கு சப்டைட்டில் வேண்டுமா?

இரண்டாவது படம் 'குட் மார்னிங்', 1959, கலர். இதை அவசியம் வீட்டோடு உட்கார்ந்து பாருங்கள். அண்ணன் தம்பிக்கு டிவி வேண்டும், மல்யுத்தம் பார்க்க. இப்போது பக்கத்து வீட்டில் போய்த்தான் பார்க்கிறார்கள். நச்சரிப்புத் தாங்காமல் அப்பா, 'வெட்டிப் பேச்சு பேசாதே' என்று அதட்டுகிறார். பையனுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. பெரியவர்கள்தான் வெட்டியாகப் பேசுகிறீர்கள், காலை வணக்கம், நல்ல வெயில், எங்கே கிளம்பிட்டீங்க, அப்படியா... இதெல்லாம் என்ன பேச்சு என்கிறான். அன்றிலிருந்து இரண்டு பேரும் மௌன விரதம்.

விளைவு என்ன ஆகிறது என்பதுதான் வேடிக்கை. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் காசு வேண்டுமென்று ஜாடை காட்டுகிறார்கள், யாருக்கும் புரியவில்லை. காலையில் பக்கத்து வீட்டம்மா 'எப்படி இருக்கீங்க' என்றால் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அந்தம்மாவுக்கும் இவர்கள் அம்மாவுக்கும் ஏற்கெனவே மாதர் சங்கச் சந்தா விஷயத்தில் ஒரு மனத்தாங்கல். உடனே, தாய்க்காரி சொல்லித்தான் பிள்ளைகள் பேசவில்லை என்று தெரு முழுக்கப் பேச்சு கிளம்பிவிடுகிறது. குழுக் கடன் தவணையில் இப்படி ஒரு மனத்தாங்கல் வராத தெரு நம் ஊரில் உண்டா? நடுவில் பையன்களின் குசுப் போட்டி வேறு. ஆமாம், உலகமே கொண்டாடுகிற மேதையின் படத்தில்தான். நெற்றியில் தொட்டால் சத்தம் வரவேண்டும், அதற்காக ஏதோ ஒரு கல்லைச் சுரண்டித் தின்கிறார்கள். ஒரு பையனுக்கு மட்டும் சத்தம் வருவதற்குப் பதிலாக வேறு வந்துவிடுகிறது. அவன் அம்மா துணி துவைத்தே நொந்துபோகிறாள்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு 2006க்குப் பிறகு இலவச கலர் டிவி வந்த காலம் நினைவுக்கு வந்தது. அதற்கு முன்பு யார் வீட்டு வாசலில் எந்தப் பிள்ளை உட்கார்ந்து டிவி பார்க்கலாம் என்பதற்கு ஒவ்வொரு தெருவிலும் எழுதாத சட்டம் இருந்தது. அதைப் பிள்ளையின் கண்ணால் பார்த்து யாராவது ஒரு தமிழ்ப் படம் எடுத்திருக்கலாம்.

பிள்ளையின் கண்ணால் பார்ப்பது எப்படி ஜப்பான்காரர்களுக்குக் கைகூடுகிறது? தொழில் நுணுக்கம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, நேரம் கொடுக்கிறார்கள். ஹிரோஷி ஷிமிசு என்கிற இயக்குநர், போரில் அனாதையான பிள்ளைகளைத் தானே பொறுப்பெடுத்து வளர்த்து, அவர்களையே வைத்து 1948இல் படம் எடுத்தார். 1954இல் வந்த 'ட்வென்டி ஃபோர் ஐஸ்' படத்தில், ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தின் பன்னிரண்டு பிள்ளைகள் வளர்வதைக் காட்டவேண்டும். இயக்குநர் கினோஷிதா என்ன செய்தார் தெரியுமா? முகஜாடை ஒத்த அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஜோடிகளாகத் தேடிப் பிடித்தார். சின்ன வயசுக்குத் தம்பி, பெரிய வயசுக்கு அண்ணன்.

கொரீடா பிள்ளைகளிடம் ஸ்கிரிப்டைக் கொடுப்பதில்லை என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்கிற விஷயம். ஷூட்டிங் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாய்மொழியாகச் சொல்வார், பிள்ளை தன் வாய்க்கு வருகிறபடி சொல்லும். வீட்டில் வசனத்தை உருப்போட்டு வருகிற பிள்ளை எதிராளி பேசுவதைக் கேட்காது, தன் முறை எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆண்டுவிழா மேடையில் நாம் பார்க்காததா? 'நோபடி நோஸ்' படத்தை அவர் கிட்டத்தட்ட ஒரு வருஷம், கதை போகிற வரிசையிலேயே எடுத்தார். தாய் விட்டுவிட்டுப் போன நான்கு பிள்ளைகளின் கதை. 1988இல் டோக்கியோவில் வெளியான ஒரு நிஜச் சம்பவத்திலிருந்து வந்தது. பிள்ளைகளுக்கு முடி வளர்வதையும் சட்டை குட்டையாவதையும் மேக்கப் இல்லாமலே பார்க்கலாம். கடைக்குட்டி யூகி, நடந்தால் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு அண்ணனோடு ஸ்டேஷனுக்கு அம்மாவைத் தேடிப் போகிற ஒரு ராத்திரி வரும். அந்தச் செருப்புச் சத்தம்தான் அங்கே வசனம். அண்ணனாக நடித்த யூயா யாகிராவுக்கு 2004 கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். சிறந்த குழந்தை நட்சத்திரம் என்று தனியாக இல்லை, பெரியவர்களோடு சேர்த்துச் சிறந்த நடிகர். அப்போது அவனுக்கு 14 வயது.

ஜப்பானைப் புகழ்ந்து முடித்துவிட்டுப் போவது சுலபம். நம்ம பக்கத்துக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

கரிவலத்திலிருந்து ராஜபாளையம் தாண்டினால் சிவகாசி. அதற்குக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு பேர் வைத்ததாகச் சொல்வார்கள். உழைப்புக்கான பாராட்டு. ஆனால் அந்த உழைப்பில் பாதி யாருடையது? சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, இந்தப் பக்கம் திருவேங்கடம் வரை, விடியுமுன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஊருக்கு வெளியே நின்று ஹார்ன் அடித்த காலம் ஒன்று இருந்தது. தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குவாளியோடு ஏறிப் போவார்கள். கட்டை அடுக்க, பெட்டி ஒட்ட. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிற எத்தனையோ வாசகர்கள் அந்த பஸ்ஸில் போனவர்கள்தான்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி சலம் பென்னூர்கர் 1990இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி, என்.எஃப்.டி.சி. தயாரிப்பில் 'கருவேலம்பூக்கள்' எடுத்தார். தீப்பெட்டித் தொழிலுக்குப் போகிற பெண்பிள்ளைகளும், அந்தக் கூலியை நம்பி உட்கார்ந்துவிட்ட வீடுகளும் அதில் உண்டு. கூலி கொடுக்கிறவனை மட்டும் வில்லனாக்கிவிட்டுப் பூமணி போகவில்லை, வீட்டையும் பார்த்தார். அதனால்தான் அது நம்மைச் சுடுகிறது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசி வழக்கில், ஆபத்தான தொழிலில் பிள்ளைகளை வைத்திருந்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நலநிதியில் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தப் படங்கள் இரண்டையும் நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? தியேட்டரில் அவை ஓடியதாக ஊரில் யாரும் சொல்லக் கேட்கவில்லை.

எழுத்தில் நாம் இன்னும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல். கு. அழகிரிசாமியின் ஊர். அவருடைய 'அன்பளிப்பு' கதையில், வழக்கமாகப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவருகிற ஒருவர், சாரங்கன் என்கிற பையனுக்கு மட்டும் எதுவும் கொடுக்காமல் விட்டுவிடுவார். வேண்டுமென்றே இல்லை, கவனிக்கவில்லை. பையன் அழவில்லை, கேட்கவுமில்லை. அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பலகாரம் கொடுத்து உபசரிக்கிறான். பிறகு, தானே வாங்கி வைத்திருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அவர் கையால் எழுதித்தரச் சொல்கிறான். அவ்வளவுதான் கதை. அந்தப் பெயரிலான தொகுப்புக்குத்தான் 1970க்கான சாகித்ய அகாடமி விருது, அவர் மறைந்தபிறகு கிடைத்தது. கொரீடா படமெடுக்க வருவதற்கு வெகுகாலம் முன்பே கரிசல் காட்டில் கொய்ச்சியின் அண்ணன் ஒருவன் இருந்திருக்கிறான்.

சினிமா அந்த இடத்துக்கு வந்து சேர நாளாயிற்று. 2009இல் பாண்டிராஜின் 'பசங்க' வந்தபோது பல வீடுகளில் பிள்ளைகள்தான் பெற்றோரைத் தியேட்டருக்கு இழுத்துப்போனார்கள். பேருக்குப் பின்னால் இப்போதே ஐ.ஏ.எஸ். போட்டுக்கொள்கிற அன்புக்கரசு, இல்லாத பைக்கை வாயால் ஓட்டிக்கொண்டே தெருவில் போவான். அதை எந்த ஊரில் பார்க்கவில்லை? தேசிய விருதும் வந்தது. என்ன, கடைசிப் பகுதியில் பிள்ளைகள் மறுபடி பெரியவர்களின் கண்ணீருக்கு வேலை செய்யப் போய்விட்டார்கள் என்று எனக்கு ஒரு குறை. சொன்னால் வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.

மணிகண்டனின் 'காக்கா முட்டை' 2015இல் தியேட்டருக்கு வந்தது. அதில் அந்தக் குறைகூட இல்லை. ரயில் பாதையில் விழுந்த கரியைப் பொறுக்கி விற்கிற அண்ணன் தம்பிக்குப் பீட்சா தின்ன ஆசை. விளம்பரத் தாளைப் பார்த்துப் பாட்டி தோசை மாவில் காய்கறியைத் தூவி ஒரு பீட்சா சுட்டுக் கொடுப்பாள். பையன்கள் பிய்த்துப் பார்த்துவிட்டு, நூல் நூலாக வரவில்லையே என்பார்கள். பாட்டிக்குக் கோபம். வறுமையை வைத்து அழவைக்க அந்த இடத்தில் எவ்வளவு வசதி இருந்தது! டைரக்டர் அதைத் தொடவேயில்லை. பிள்ளைகளுக்கு அப்போது கவலை வறுமை இல்லை, நூல். அந்த இரண்டு பையன்களும் அந்த வருஷம் தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. குடிகார அப்பன், கோபித்துப்போன அம்மாவைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்திலிருந்தே பையனை இழுத்துக்கொண்டு போகிறான். கொளுத்துகிற வெயிலில் பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கிறான். வீட்டுக்கு வந்து அதை ஒரு இடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கற்கள் கிடக்கின்றன. இப்படி எத்தனை தடவை நடந்தான் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளவேண்டியதுதான்.

2024இல் மாரி செல்வராஜின் 'வாழை'. தூத்துக்குடிப் பக்கம் வாழைத்தார் சுமந்த தன் சின்ன வயசையே எடுத்தார். முடிவு எல்லோரையும் உலுக்கியது, அதைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் பிடித்தது முதல் பாதி. ரஜினியா கமலா என்று சிவனணைந்தானும் அவன் சிநேகிதனும் போடுகிற சண்டை, டீச்சர் மேல் வைத்திருக்கிற பிரியம். லீவு விட்டால் சந்தோஷப்படாத பிள்ளை அவன், சுமை தூக்கப் போகவேண்டுமே! பள்ளிக்கூடம் என்றால் ஓய்வு என்று நினைக்கிற ஒரு பையனை நம் சினிமாவில் அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் போனவர்களுக்கு அது உடனே புரிந்திருக்கும்.

இந்த நல்ல படங்களில் பலவற்றில் நடித்தது சினிமாப் பிள்ளைகள் இல்லை, அந்தந்த ஊர்ப் பிள்ளைகள். அதைப் பார்த்து, "எம்பிள்ளையும் நல்லா நடிப்பான், எங்க சார் போட்டோ அனுப்பணும்?" என்று நம் அலுவலகத்துக்கே போன் வருகிறது. ஆசையைத் தப்பு சொல்லமாட்டேன். சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை நடிக்கலாம். ஆனால் 2017 விதிப்படி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தயாரிப்பாளர் கலெக்டர் அனுமதி வாங்கவேண்டும். பள்ளிக்கூடம் கெடக்கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது பிள்ளையின் பேரில் வங்கியில் டெபாசிட் ஆகவேண்டும். இதையெல்லாம் கேட்டால் 'இந்தப் பார்ட்டி வேண்டாம்' என்று போய்விடுகிற கம்பெனி போகட்டும், நல்லது. அப்புறம், தினமும் பத்துத் தடவை ரீடேக் எடுத்து வீட்டிலேயே ரீல்ஸ் போடுகிற அம்மா அப்பாவுக்கு இந்த ஐந்து மணி நேரக் கணக்கு பொருந்துமா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களுக்கே தெரியும்.

சரி, லீவு வருகிறது. பிள்ளைகளோடு எதைப் பார்க்கலாம்?

சின்னப் பிள்ளைகளுக்கு ஹயாவோ மியாசாகியின் கார்ட்டூன் படம், 1988இல் வந்த 'மை நெய்பர் டொட்டொரோ'. அம்மா ஆஸ்பத்திரியில், அக்காவும் தங்கையும் அப்பாவோடு கிராமத்துக்கு வருகிறார்கள். வில்லனே கிடையாது. நாலு வயசுத் தங்கை மேய், அம்மாவுக்குக் கொடுக்க ஒரு மக்காச்சோளக் கதிரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பிக் காணாமல் போகிற இடத்தில் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். 'குட் மார்னிங்', 'ஐ விஷ்', 'காக்கா முட்டை' மூன்றும் எட்டு வயசுக்கு மேல் யாரும் பார்க்கலாம். ராசி அழகப்பனின் கதையிலிருந்து கமலக்கண்ணன் எடுத்த 'குரங்கு பெடல்', வாடகை சைக்கிளில் அரைப்பெடல் அடித்த அப்பாக்கள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய படம். நிறுத்தி நிறுத்திச் சொந்தக் கதை சொல்லித் தொல்லை செய்யாமல் இருக்கமுடிந்தால் சரி.

'நோபடி நோஸ்' பிள்ளைகளுக்கு இல்லை. ஜப்பானிய எழுத்தாளரின் போர்க்கால நினைவிலிருந்து வந்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படமும் அப்படித்தான். கார்ட்டூன்தானே என்று போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள். பட்டினியில் வாடுகிற அண்ணன் தங்கை கதை அது. நீங்கள் தனியாகப் பாருங்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022இலிருந்து சிறார் திரைப்படம் போட்டுக் காட்டிப் பிள்ளைகளை எழுதவும் பேசவும் வைக்கிறார்கள். அதில் சிறப்பாகச் செய்த பிள்ளைகளை 2023இல் ஜப்பானுக்கே கல்விச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் இந்த மாதம் என்ன படம் போட்டார்கள் என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். கதை சொல்லச் சொல்லாதீர்கள், எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று கேளுங்கள். நாம் எதிர்பார்க்காத இடமாக இருக்கும்.

அடுத்த இதழில் இரண்டு பக்கம் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறோம். பார்த்த படத்தைப் பற்றி அவர்கள் கைப்பட எழுதி அனுப்பட்டும், போஸ்ட் கார்டு போதும். கரிவலத்துத் தம்பி, ரயில் வந்தபோது நீயாக இருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்று எழுது. அம்மாக்களுக்கும் டீச்சர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காதீர்கள், எழுதிய பிறகு திருத்தவும் செய்யாதீர்கள். எழுத்துப்பிழையோடு வந்தால் எழுத்துப்பிழையோடேயே அச்சில் போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்